சாரத்திலிருந்து விழுந்தவரின் தலைக்காயம்: இழப்பீடு கேட்பது எப்படி

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு ஓர் அட்டவணை சேர்ந்து வரும். உடம்பில் எது போனால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று அது வரிசையாகச் சொல்லும். கட்டைவிரல் போனால் 30. ஒரு கண் போய், மற்றது நன்றாக இருந்தால் 40. காது அறவே கேட்காமல் போனால் 100. மூளைக்கு அதில் எண்ணே கிடையாது.

கட்டட வேலையில் தலையில் அடிபட்டவர்களின் வழக்கு கடினமாவது இங்கேதான். விரல் போனவர் கையை நீட்டிக் காட்டினால் போதும். சாரத்திலிருந்து விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டிய கொத்தனாருக்கு ஆறே மாதத்தில் தையல் ஆறி, முடி வளர்ந்துவிடும். நடப்பார், பேசுவார், சாப்பிடுவார். "ஆள் நல்லாத்தானே இருக்காரு" என்பார் கான்ட்ராக்டர். கலவைக்கு எத்தனை சட்டி மணல் போட்டோம் என்பது அவருக்கு நினைவில் நிற்காது. நாலாவது படியில் ஏறும்போதே தலை சுற்றும். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவார். இதெல்லாம் எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஆகவே தலைக்காய வழக்கில் எல்லாமே காகிதம்தான். எந்தக் காகிதம், எந்த நாளில், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துப் பார்ப்போம்.

எந்தச் சட்டம்?

நெடுங்காலமாக இருந்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால், அதன் விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் போய்விட்டன. பிரிவு எண்கள் மாறின. கணக்குப் போடும் முறையும் அடிப்படை உரிமையும் மாறவில்லை. விபத்து நடந்த தேதியைச் சொன்னால் எந்தச் சட்டத்தின் கீழ் மனு என்பதை வக்கீல் சொல்லிவிடுவார்.

அடிப்படை இதுதான்: வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து காயம் பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். யார்மேல் தப்பு என்ற கேள்வியே இல்லை. முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய அவசியம் தொழிலாளிக்குக் கிடையாது. சொந்தக் கவனக்குறைவால் கால் வழுக்கியிருந்தாலும் உரிமை உண்டு.

விதிவிலக்கு மூன்று: குடிபோதையே விபத்துக்கு நேரடிக் காரணமாக இருப்பது, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுவது. சாவு நேர்ந்தாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்த மூன்றுமே எடுபடாது. "ஹெல்மெட் போடலை" என்பது தலைக்காய வழக்கில் எப்போதும் வரும் பதில். ஹெல்மெட் கொடுத்தார்களா, கொடுத்து, போடச் சொல்லி உத்தரவிட்டார்களா, அதற்குப் பிறகும் இவர் வேண்டுமென்றே கழற்றினாரா என்ற மூன்றையும் காட்ட வேண்டியது முதலாளியின் பாடு. தளத்தில் பத்துப் பேருக்கு நாலு ஹெல்மெட் இருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

கையில் இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவருக்கு மட்டும் வழி வேறு. அவர் இந்தச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது; சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித்தொகை, மருத்துவக் குழு பார்த்த பிறகு மாதா மாதம் ஊன உதவித்தொகை என எல்லாம் இ.எஸ்.ஐ. வழியாகத்தான் வரும். சின்னச் சின்னத் தளங்களில் வேலை பார்ப்போரில் பெரும்பாலோரிடம் அந்த அட்டை இருப்பதில்லை என்பதால் கீழே சொல்வது அவர்களுக்கே.

யாரைப் பொறுப்பாக்குவது?

மேஸ்திரி கூட்டி வந்தார், மேஸ்திரிக்குச் சப்-கான்ட்ராக்டர் பணம் தந்தார், அவருக்கு மேலே ஒரு கட்டுமான நிறுவனம். விபத்து நடந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது: ஒரு நிறுவனம் தன் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டில் விட்டிருந்தால், கான்ட்ராக்டரின் ஆளுக்கும் அந்த மூல நிறுவனமே இழப்பீடு தர வேண்டும். கொடுத்துவிட்டு அது கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஆகவே மனுவில் மேஸ்திரி, கான்ட்ராக்டர், கட்டுமான நிறுவனம், அவர்களிடம் டபிள்யூ.சி. பாலிசி (தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு) இருந்தால் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி என எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். மேஸ்திரியை மட்டும் சேர்த்து, ஜெயித்து, அவரிடம் வசூலிக்க ஒன்றுமில்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஒருவர் குடியிருக்கத் தன் சொந்த வீட்டைக் கட்டும்போது விபத்து என்றால் நிலைமை வேறு. வீடு கட்டுவது அவருடைய தொழில் அல்ல என்பதால் வீட்டுக்காரரை இந்த விதியில் பிடிப்பது கடினம். வேலையை எடுத்துச் செய்த இன்ஜினியரையோ கான்ட்ராக்டரையோதான் பிடிக்க வேண்டும். ஒரு மாடிக்கு மேல் உயரும் கட்டடம், அல்லது தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடியோ அதற்கு மேலோ இருக்கும் கட்டடம் என்றால் அதில் கட்டுவது, பழுது பார்ப்பது, இடிப்பது எல்லாமே 1923 சட்டத்தின் பட்டியலில் உண்டு. வெள்ளையடிக்க ஏறியவரையும் அது விட்டுவிடவில்லை.

நாள்கூலி ஆளுக்கு நியமன உத்தரவு எங்கே இருக்கும்? மேஸ்திரி ஜிபேயில் போட்ட சனிக்கிழமைச் சம்பளம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய "நாளைக்கு 8 மணிக்கு வா" என்ற குரல் பதிவு, தளத்தில் எடுத்த போட்டோ, கேட்டில் வைத்த கைரேகைப் பதிவு, கூட வேலை செய்தவர் இருவரின் சாட்சி இவையே போதும். சிசிடிவி இருக்கும் தளமென்றால் அந்த வாரமே பதிவை எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். புதிய பதிவு பழையதன் மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

முதல் நாளில் எழுதப்படும் ஒரு வரி

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். யார் கூட்டி வந்தது, எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி நடந்தது, வந்தபோது நினைவு இருந்ததா, வாந்தி எடுத்தாரா, காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். வழக்கின் தலையெழுத்தே "எப்படி நடந்தது" என்ற அந்த ஒரு வரியில்தான்.

தூக்கி வருபவர் பெரும்பாலும் கான்ட்ராக்டரின் ஆள். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து "வீட்டு மாடியிலிருந்து விழுந்துட்டார்" என்றோ "பைக்கில் விழுந்துட்டார்" என்றோ சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவர் மறுக்கவா போகிறார்? இரண்டு வருஷம் கழித்து இன்ஷூரன்ஸ் வக்கீல் விசாரணையில் முதலில் நீட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். குடும்பத்தினர் வந்து சேர்ந்த உடனே ஏ.ஆர். காப்பியைக் கேட்டுப் படியுங்கள். தப்பாக இருந்தால் தளத்தின் முகவரி, எத்தனையாவது மாடி, எந்த வேலையில் இருக்கும்போது, எத்தனை மணிக்கு என்று எழுதி டாக்டரிடமும் காவல் நிலையத்திலும் அன்றே கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை பெறுங்கள். ஏற்கெனவே எழுதியதை டாக்டர் அடிக்க மாட்டார், அடிக்கவும் கூடாது. ஆனால் அன்றே மறுத்தோம் என்பதற்கு உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்கினால் குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்காமல் வராதீர்கள். பெரிய தளமென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் வந்து பார்த்து எழுதும் அறிக்கையைப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். சாரத்தில் கைப்பிடி இல்லை, லிஃப்ட் பள்ளத்துக்கு மூடி இல்லை என்று அதில் இருந்தால் வழக்குக்குப் பெரிய பலம்.

சிகிச்சைச் செலவும் முதலாளியுடையதுதான். உண்மையில் செலவான முழுத் தொகையையும் அவர் திருப்பித் தர வேண்டும் என்று 2009 திருத்தம் சொன்னது. பில்லை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள், ஆம்புலன்ஸ் ரசீது உட்பட. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைக் கேட்டு அலைய வேண்டாம். அது சாலை விபத்துக்கு மட்டும்.

காயத்தைக் காகிதத்தில் கொண்டுவருவது

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கிளாஸ்கோ அளவு என்று ஒரு எண் போடுவார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை. 13-ம் அதற்கு மேலும் லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாள் நினைவில்லாமல் இருந்தார், வெண்டிலேட்டரில் எத்தனை நாள், மண்டையோட்டைத் திறந்தார்களா, வலிப்பு வந்ததா என்பவையும் இருக்க வேண்டும்.

"லேசான காயம்" என்ற சொல்லைக் கண்டு ஏமாறக் கூடாது. சிடி ஸ்கேன் சுத்தமாக இருக்கும்; ஆனாலும் மூளை நரம்பிழைகள் உள்ளே கிழிந்திருக்கும். அது எம்.ஆர்.ஐ.யில் தெரியலாம், அதிலும் தெரியாமல் போகலாம். இன்னொரு வகையில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலியும் தள்ளாட்டமுமாக வெளிப்படும். அதற்குள் ஆள் வேலைக்கே திரும்பியிருப்பார். விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு மாத்திரையோடு படுத்தவருக்கு இப்படி நேர்ந்தால், காரணம் அந்த விழுகைதான் என்று காட்ட முதல் நாள் காகிதமே இருக்காது. தலையில் அடி என்றால், எழுந்து நடந்தாலும், அன்றே ஆஸ்பத்திரியில் பதிய வேண்டும்.

நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன், கோபம் இவற்றை அளக்க நரம்பு உளவியல் சோதனை என்று ஒன்று உண்டு. பல மணி நேரம் பிடிக்கும் கேள்வி-பதில், படம், எண் விளையாட்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் இந்தியர்களுக்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பு வைத்திருக்கிறது. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் துறையில் கேட்டால் வழி சொல்வார்கள். ஸ்கேன் காட்டாததைக் காட்டும் காகிதம் இதுதான். நம் ஊர் வழக்குகளில் இதை வாங்கித் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். நமக்கு அதுவே பெரிய குறையாகப் படுகிறது.

மாற்றுத்திறனாளி அட்டைச் சதவீதத்தையும் இழப்பீட்டுச் சதவீதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது உடம்பின் குறை. சட்டம் கேட்பதோ சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்று. மருத்துவக் குழு 40 சதவீதம் என்று எழுதியிருக்கலாம். தலை சுற்றல், வலிப்பு இரண்டும் உள்ளவர் உயரத்தில் ஏறவே கூடாது. சாரம் ஏற முடியாத, தூக்குக்குண்டைப் பிடித்து நேர் பார்க்க முடியாத கொத்தனாருக்கு மிச்சம் என்ன வேலை இருக்கிறது? இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் இதே கேள்வியைத்தான் பார்த்தது: ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அது முழு ஊனமே என்றது.

அதனால் டாக்டரிடம் சான்று கேட்கும்போது "ஊனச் சதவீதம் போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இவர் செய்த வேலை என்ன, அதற்கு எவையெல்லாம் தேவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: உயரம் ஏறுதல், 50 கிலோ சிமெண்ட் மூட்டை தூக்குதல், வெயிலில் எட்டு மணி நேரம், அளவு நினைவில் வைத்தல், மிக்சர் பக்கத்தில் நிற்றல். இவற்றில் எதை இவரால் செய்ய முடியாது, ஏன் என்று டாக்டர் எழுதினால் அது மனுவை விசாரிக்கும் ஆணையரிடம் பேசும். வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். "12-ஆம் தேதி, அடுப்பை அணைக்க மறந்தார், 15-ஆம் தேதி, கடைக்குப் போய் வழி தெரியாமல் நின்றார்" என்று தேதியோடு. மனைவியின் வாய்ச் சாட்சிக்கு அது முதுகெலும்பு.

கணக்கு

நிரந்தர முழு ஊனத்துக்கு: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் × வயதுக் காரணி (ஒவ்வொரு வயதுக்கும் சட்டம் தரும் எண்). இறந்தால் 50 சதவீதம் × வயதுக் காரணி. காரணி 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. விபத்து நடந்த அன்று எது வரம்போ அதுவே கணக்கு.

30 வயதுக் கொத்தனார் என்று வையுங்கள். 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் பாதி போனது என்று முடிவானால் 9,35,910. அதையே 30 சதவீதம் என்றால் 5,61,546. சதவீதம் ஒன்று கூடினால் இவருக்கு 18,700 ரூபாய்க்கு மேல் கூடும். சண்டை முழுக்க ஏன் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கிறது என்பது இப்போது புரியும்.

கூலி 900-ஆ 1,100-ஆ என்று வாதாடி நேரம் போக்க வேண்டாம். நாளைக்கு 800 வாங்கி மாதம் 20 நாள் வேலை பார்த்தவரே 15,000 வரம்பைத் தாண்டிவிடுகிறார். கவனிக்க வேண்டியவர் 400, 450 வாங்கும் சித்தாள். பெண் என்பதால் கூலியைக் குறைத்தே முதலாளி சொல்வார். அவருக்குத்தான் கூலிச் சான்று உயிர்.

சிகிச்சை நடக்கும் மாதங்களில் அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அதாவது 15,000 சம்பளத்துக்கு மாதம் 7,500 ரூபாய் வர வேண்டும். அதிகபட்சம் ஐந்து வருஷம். முதல் மூன்று நாளுக்குக் கிடையாது. ஆனால் 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே உண்டு.

பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணமில்லாமல் இழுத்தால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதம்; அது முதலாளியின் கையிலிருந்து வர வேண்டியது. "ஆஸ்பத்திரிக்கு நான் ரெண்டு லட்சம் கட்டிட்டேன், அதைக் கழிச்சுக்குங்க" என்பார்கள். சிகிச்சைக்குக் கொடுத்த பணம் இழப்பீடு ஆகாது, கழிக்க முடியாது. வீட்டுச் செலவுக்கு இழப்பீடாகக் கொடுத்த பணத்தை மட்டுமே கழிக்கலாம்.

விபத்து டிப்பர் லாரியாலோ ரெடிமிக்ஸ் வண்டியாலோ நடந்திருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், இந்தச் சட்டத்தின் கீழ் ஆணையரிடமும் போகலாம், இரண்டில் ஒன்றுதான். தீர்ப்பாயத்தில் சம்பள உச்சவரம்பு கிடையாது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவும், வலிக்கும் வேதனைக்கும் தொகையும் கேட்கலாம். படுக்கையில் கிடக்கும் தலைக்காய நோயாளிக்கு வித்தியாசம் பல லட்சம். எங்கே மனுப் போடுவது என்பதை ஒரு வக்கீலிடம் கேட்ட பிறகு முடிவெடுங்கள். ஒன்றில் இறங்கிவிட்டால் திரும்ப முடியாது.

மனு, கெடு, கைரேகை

தமிழ்நாட்டில் இந்த மனுக்களை விசாரிப்பவர் தொழிலாளர் துணை ஆணையர். விபத்து நடந்த இடத்திலும் மனுப் போடலாம், தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து சென்னையில் அடிபட்டவரை ஊருக்குக் கூட்டிப் போயிருந்தால் அங்கிருந்தே நடத்தலாம் என்பது இதன் பொருள்.

கெடு இரண்டு வருஷம். தலைக்காயக் குடும்பங்கள் இதில்தான் தவறுகின்றன. "இன்னும் ஆறு மாசத்துல சரியாயிடும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். மூளைக்காயம் ஒன்றரை இரண்டு வருஷம் வரை மெல்லத் தேறிக்கொண்டும் இருக்கும். அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதலில் மனு, இறுதிச் சதவீதச் சான்று விசாரணையின்போது வரட்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். உதவி எண் 15100. மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் வருமான வரம்பு பார்க்காமலே அதற்குத் தகுதியானவர்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர் என்றால் வாரியத்தின் விபத்து ஊன உதவியைத் தனியாகக் கேளுங்கள். அது கட்டடச் செலவில் வசூலிக்கும் 1 சதவீத நல வரியிலிருந்து வருவது. முதலாளி தர வேண்டிய இழப்பீட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை, கழிக்கவும் முடியாது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால்தான் அங்கே சிக்கல்.

இனி அந்த ஸ்டாம்ப் பேப்பர். டிஸ்சார்ஜ் ஆன வாரத்தில் ஒருவர் வீட்டுக்கு வருவார். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ ரொக்கமாக வைத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய பத்திரத்தில் கைரேகை கேட்பார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று சட்டம் சொல்கிறது. அதிலும் நினைவு தடுமாறும் நிலையில் இருப்பவரின் கைரேகைக்கு என்ன மதிப்பு? ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தாலும் பயந்து ஒதுங்க வேண்டாம். பத்திரம் எழுதிய தேதியையும் அன்றைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். வாங்கிய பணத்தை மறைக்காதீர்கள், எவ்வளவு என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

தானாக முடிவெடுக்க இயலாதவருக்குச் சேரும் மொத்தத் தொகையை முதலாளி நேரடியாகக் கையில் கொடுக்கக் கூடாது; ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். பெண் தொழிலாளியின் தொகைக்கு 1923 சட்டத்தில் இதே விதி. மனுவையும் அவர் சார்பில் மனைவியோ, பெற்றோரோ, வயது வந்த பிள்ளையோ காப்பாளராக இருந்து போட வேண்டும். உத்தரவு வந்த பிறகு ஆணையர் பெரும்பகுதியைத் தேசிய வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியைக் குடும்பச் செலவுக்கு எடுக்க விடலாம். உடனடிச் சிகிச்சைக்கோ கடனை அடைக்கவோ ஒரு தொகை வேண்டுமென்றால் பில்லோடு தனி மனுப் போட்டு எடுக்கலாம். எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக 60 நாள் உண்டு. முதலாளி போவதானால் உத்தரவான தொகையை முதலில் கட்டிவிட்டு, கட்டியதற்கான சான்றோடுதான் போக முடியும். அந்தச் சான்று இல்லாத மேல்முறையீடா என்று வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள்.